செய்தி அல்ல

செய்தி வாசிக்க எங்களுக்கு உரிமையில்லை.
உரிமத்தின் ஏழாம் பக்கம் அப்படித்தான் சொல்கிறது.
தட்பவெப்பம் சொல்லலாம், போக்குவரத்து சொல்லலாம்,
தண்ணீர், மின்தடை, தேர்வு முடிவு சொல்லலாம்.
மற்றதெல்லாம் தில்லி சொன்னதை
அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லலாம்.

ஆகவே லிங்கராஜபுரத்தில்
டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்,
பதினோரு வருடமாக
செய்தி அல்லாததை வாசித்து வருகிறேன்.

முதல் வருடம் ஒரே ஒரு மைக்.
அது திறந்தால் மின்விசிறி நிற்க வேண்டும்.
மே மாதப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள்,
எல்லோருமே அவசரமாகப் பேசுவோம்.
கீழே கம்ப்ரசர் உறுமும்போதெல்லாம்
அதை மறைக்க நான் இருமுவேன்.
காசநோயா என்று விசாரித்து
இரண்டு கடிதங்கள் வந்தன.
ஐம்பது வாட். ஹென்னூர் மேம்பாலம் ஏறுகையில்
என் பெயர் இரைச்சலில் கரையும்:
ஜெசிந்தா, ஜெசி, ஜெ.

விடிகாலை நாலரைக்கு
வால்வ்மேன் சன்னப்பா கூப்பிடுவார்.
"இவத்து கெளகடெ மாத்ர."
இன்று கீழ்த்தெருவுக்கு மட்டும்.
ஆறு மணிக்கு அது மூன்று மொழிகளில் தண்ணீராகும்.
தமிழில் முதலில் சொன்னால் கன்னடத்தில் திட்டு வரும்.
கன்னடத்தில் முதலில் சொன்னால் தமிழில்.
தில்ஷாத் வழி கண்டுபிடித்தாள்: நாள் மாற்றி நாள்,
ஞாயிறு மட்டும் தக்கினிக்கு.
ஞாயிறு தண்ணீரே வராதே என்றேன்.
கணக்கு போட்டுத்தான் கேட்டேன் என்றாள்,
அன்று மட்டும் யாரும் என்னைத் திட்ட முடியாது.

ஆறரைக்கு வெங்காயம், பீன்ஸ், கொத்தமல்லிக் கட்டு.
பத்து மணிக்கு 'சொல்லுங்க, கேக்கறோம்':
திருப்பித் தராத முன்பணம், எரியாத தெருவிளக்கு,
மருமகளைப் பற்றி மாமியார்,
ஐந்தாவது நிமிடம்
அதே வீட்டின் அடுத்த அறையிலிருந்து மருமகள்.
இரவு எட்டரைக்கு கார்மென்ட்ஸ் பெண்கள்.
அதிகம் பேச மாட்டார்கள்.
கம்பெனி பஸ் வந்ததா என்று
ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள்.
ஒருத்தி ஒருமுறை மூன்று நிமிடம் அழுதாள்.
நான் விளம்பரம் போடவில்லை.

அந்த அக்டோபர் இரவு
ராஜகாலுவே உடைத்துக்கொண்டது.
ஏழாம் குறுக்குச் சந்தில்
ஒரு மதில் ஒரு வீட்டின் மேல் சாய்ந்தது.
உள்ளே நாலு பேர்.
இது செய்தி.
எதிர்ச்சுவரில்
சட்டத்துக்குள் தொங்கியது உரிமம்.

சொன்னேன்:
"போக்குவரத்துத் தகவல்.
ஏழாம் குறுக்குச் சந்தில் வழி அடைபட்டிருக்கிறது.
அடைத்திருப்பது மதில்.
கடப்பாரை வைத்திருப்பவர்கள்
அவ்வழியே செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.
ஜாக்கி உள்ள லாரிக்காரர்களுக்கும் அதுவே சுருக்கு வழி.
தட்பவெப்பம்: மழை விடவில்லை.
மின்தடை: உண்டு. டார்ச் எடுத்துப் போகவும்."
மூன்று மொழியிலும்.
இன்று யார் முறை என்று எவரும் கேட்கவில்லை.

டயர் கடையின் ஷட்டர் எழும் சத்தம்
காற்றலையில் ஏறிப் போனது.
ஜாக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
நான் இருமவில்லை.

மூன்று பேர் வெளியே வந்தார்கள்.

நாலாமவன் ருத்ரேஷ், வயது பத்தொன்பது.
அவனை எந்தத் தலைப்பில் சொல்வது?
வழி திறந்தாகிவிட்டது. மழையும் விட்டிருந்தது.
மறுநாள் மாலை தில்லி சொன்னது:
பெங்களூரில் கனமழை, ஒருவர் பலி.
திருப்பிச் சொன்னேன்.
'ஒருவர்' வந்த இடத்தில் அட்சரம் பிசகியது.
ருத்ரேஷ் என்றேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
தாங்கள் ஒலிபரப்பியது செய்தியா,
பதினைந்து நாளில் விளக்கம் தருக.
இன்று பதினான்காம் நாள்.
'மதிப்பிற்குரிய ஐயா' வரை எழுதியிருக்கிறேன்.

நாலரை. சன்னப்பா கூப்பிடுகிறார்.
மேல்தெருவுக்கு மட்டுமாம்.